பாட்டு முடிந்தது, பதில் எங்கே?

மார்ச் 25, 2017

'தி ஃப்ளாஷ்', 'சூப்பர்கேர்ள்' தொடர்களின் தயாரிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும்,

மார்ச் 20, திங்கட்கிழமை இரவு சூப்பர்கேர்ளான காரா டேன்வர்ஸ், காதலன் மோன்-எல்லுடனான உறவை முறித்துக்கொண்டாள். மார்ச் 21, செவ்வாய்க்கிழமை இரவு அவனோடு சேர்ந்துவிட்டாள். இடையில் ஒரே ஒரு நாள். அதிலும் பிரிந்தது அவளுடைய தொடரில், சேர்ந்தது பக்கத்துத் தொடரில். அதே செவ்வாய் இரவு, ஒரு வாரத்துக்கு முன் பிரிந்த, ஃப்ளாஷான பேரி ஆலனும் அவன் காதலி ஐரிஸ் வெஸ்ட்டும் ஒரு பாட்டின் முடிவில் மறுபடி மோதிரம் மாற்றிக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள். இரண்டு தொடர்களின் மையக் காதலையும் ஒரே எபிசோடில், விளம்பரம் போக 42 நிமிடத்துக்குள், இரண்டு முத்தத்தாலும் ஒரு பாட்டாலும் சரிசெய்துவிட்டீர்கள். இதை 'அழகான எபிசோட்' என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியவில்லை.

அழகான எபிசோட்தான், மறுக்கவில்லை. 'தி ஃப்ளாஷ்' தொடரின் இந்த 'டூயட்' எபிசோடில், மியூசிக் மைஸ்டர் என்ற வில்லன் (டேரன் கிரிஸ்) பேரியையும் காராவையும் மயக்கத்தில் தள்ளி, ஒரு இசை நாடகக் கனவுக்குள் அடைக்கிறான். அந்தக் கனவில் ஐரிஸின் சாயலில் மில்லியும் மோன்-எல்லின் சாயலில் டாமியும் வருகிறார்கள். கிராண்ட் கஸ்டின், மெலிசா பெனாய்ஸ்ட், டேரன் கிரிஸ் மூவரும் 'க்ளீ' என்ற இசைத் தொடரில் பாடியவர்கள் என்பது ரசிகர்கள் அனைவருக்கும் தெரியும். அவர்கள் ஒரே சட்டகத்தில் வரும் நாளுக்குக் காத்திருந்தோம். ஆனால் நீங்கள் அதற்கும் மேலே போனீர்கள். ஜெஸ்ஸி எல். மார்ட்டின், விக்டர் கார்பர், ஜான் பாரோமேன் என்று மேடை இசை நாடகத்தில் ஊறிய மூன்று பேரை வேறு வேறு தொடர்களிலிருந்து பிடித்துவந்து, தகப்பன்மார் மகளுக்கும் மகனுக்கும் வாழ்த்துச் சொல்வதுபோல 1950-ல் பிராட்வேயில் மேடையேறிய ஒரு பாட்டைப் பாட வைத்தீர்கள். வேகமும் வெடியும் இல்லாத அந்த மூன்று நிமிடம், இந்த சீசனில் நீங்கள் எடுத்த நல்ல காட்சிகளில் ஒன்று. மில்லிக்கு இரண்டு அப்பாக்கள் என்பதை யாரும் வியக்காமல், யாரும் விளக்காமல் விட்டதும் நன்றாக இருந்தது.

'டூயட்' என்ற தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நாயகனும் நாயகியும் ஆடிப் பாடும் காதல் பாட்டு. கதை நின்றுவிடும், உடை மாறும், பாட்டு முடிந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். எங்களுக்கு இது புதிதல்ல, குறையுமல்ல. ஆனால் உங்கள் எபிசோடில் உண்மையில் இருவர் சேர்ந்து பாடும் பாட்டு காதலர்களுடையது அல்ல. ரேச்சல் ப்ளூம் எழுத்தில், பேரியும் காராவும் பியானோவைச் சுற்றித் தட்டாட்டம் ஆடியபடி ஒருவரையொருவர் கிண்டலடிக்கும் நட்புப் பாட்டு அது. எபிசோடின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த இருவருக்கும் நடுவில் ஒளிவுமறைவு இல்லை, அதனால் பாட்டுக்குத் தடையும் இல்லை. காதல் பகுதிகளில் இல்லாமல் போனது இதுதான்.

இசை நாடகத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. உங்களுக்குத் தெரியாததல்ல. பேச்சு போதாத இடத்தில் பாட்டு வரவேண்டும். பாட்டு போதாத இடத்தில் ஆட்டம் வரவேண்டும். அதாவது, பாத்திரம் முதலில் பேசிப் பார்க்க வேண்டும். பேசி, திணறி, வார்த்தை தீர்ந்த பிறகு பாட வேண்டும். 'டூயட்'டில் பேச்சு நடக்கவே இல்லை. பேச வேண்டிய இடத்தில் பாட்டை வைத்துவிட்டீர்கள். இந்த மடலின் குறையெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் பேரியும் ஐரிஸும். தேதிவாரியாகப் பாருங்கள். பிப்ரவரி 28: பதினான்காவது எபிசோடின் கடைசியில் பேரி திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான், அவள் சம்மதிக்கிறாள். மார்ச் 7: அவன் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்று தெரியவருகிறது. பேரி எதிர்காலத்துக்குப் போய்ப் பார்த்த, 2017 மே 23-ல் சாவிதார் என்ற வில்லன் கையால் ஐரிஸ் சாகும் காட்சியில் அவள் விரலில் மோதிரம் இல்லை. மோதிரம் போட்டால் அந்த எதிர்காலம் மாறிவிடும் என்பது அவன் கணக்கு. ஐரிஸ் மோதிரத்தைக் கழற்றுகிறாள். மார்ச் 14: ஐரிஸின் தம்பி வாலியை, வேக வீரர்களின் சக்திக்கு மூலமான ஸ்பீட் ஃபோர்ஸிலிருந்து மீட்டுவந்த பேரி, தனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று வீட்டை விட்டுப் போகிறான். மார்ச் 21: பாடுகிறான், மறுபடி கேட்கிறான், அவள் மறுபடி சம்மதிக்கிறாள்.

மூன்றே வாரம். வேகம் உங்கள் நாயகனின் தொழில், அதைக் குறை சொல்லவில்லை. கேட்பது வேறு. மார்ச் 7-ல் ஐரிஸ் எழுப்பியது ஒரு கேள்வி: 'நீ என்னைக் கேட்டது காதலுக்காகவா, கணக்குக்காகவா?' இந்த சீசனிலேயே உங்கள் எழுத்தறை உருவாக்கிய நல்ல சிக்கல் இதுதான். அரக்கனும் முகமூடியும் இல்லாமல், இரண்டு பேர் நடுவில் நிற்கும் சிக்கல். பேரியின் பெரிய குறையும் இதுதான்: எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துத் தனியாக முடிவெடுப்பான், பிறகு சொல்வான். அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கி ஓடி 'ஃப்ளாஷ்பாயிண்ட்' என்ற மாற்று வரலாற்றை உண்டாக்கியதும் இதே குணம்தான். மோதிரம் அந்தக் குணத்தின் சின்ன வடிவம். ஒரு பெண்ணின் உயிர் பற்றிய திட்டத்தை அவளிடம் சொல்லாமலே அவள் விரலில் மாட்டினான்.

இதற்கு மார்ச் 21-ல் கிடைத்த பதில், பென்ஜ் பாசெக்கும் ஜஸ்டின் பாலும் எழுதிய ஒரு மெட்டு. ஆஸ்கர் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கைகள் எழுதியது. மெட்டில் குறை இல்லை, கஸ்டின் பாடியதில் துளிக் குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது மோதிரமும் அதே எதிர்காலத்தை மாற்றக்கூடிய அதே மோதிரம்தானே? முதல் தடவை சந்தேகத்துக்குரியதாக இருந்தது, இரண்டாம் தடவை எப்படிச் சந்தேகம் தீர்ந்தது? 'இந்த முறை கணக்கு இல்லை' என்று ஒரு வரி, 'அன்றைக்கு மறைத்தது தப்பு, எதற்காக மறைத்தேன் தெரியுமா' என்று இரண்டு வரி, அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஐந்து பாட்டுக்கு இடம் கொடுத்த எபிசோடில் அரை நிமிடம் கிடைக்காமல் போய்விட்டதா?

அந்த ஐந்து பாட்டுகளையும் யார் பாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இன்னும் உறைக்கும். காராவுக்குத் தனிப்பாட்டு உண்டு. பேரிக்குத் தனிப்பாட்டு உண்டு. தகப்பன்மாருக்கு உண்டு. வில்லனுக்கும் கூட்டத்துக்கும் உண்டு. கேள்வி கேட்ட ஐரிஸுக்கென்று ஒரு பாட்டு இல்லை. பதில் சொல்லவேண்டிய மோன்-எல்லுக்கென்றும் ஒரு பாட்டு இல்லை. கேண்டிஸ் பாட்டனையும் கிறிஸ் வுட்டையும் பாட வைக்க உங்களுக்குத் தயக்கம் இருந்திருக்கலாம்.  அப்படியென்றால் அவர்களுக்குப் பாட்டுக்குப் பதிலாகப் பேச்சைக் கொடுத்திருக்க வேண்டும். கனவுக்குள் அவர்கள் மில்லியாகவும் டாமியாகவும் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள், பிறகு நிஜத்திலிருந்து கனவுக்குள் வந்து பேரியையும் காராவையும் முத்தமிட்டு எழுப்புகிறார்கள். உண்மையான ஐரிஸும் உண்மையான மோன்-எல்லும் தங்கள் மனதில் இருப்பதைச் சொல்லும் காட்சி தேடித்தான் பார்க்க வேண்டும்.

காராவின் கதை இதைவிட மோசம். மோன்-எல் பூமிக்கு வந்த புதிதில், தன் கிரிப்டானுக்குப் பகையான டாக்ஸம் கிரகத்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, ஜனாதிபதியைக் கொல்ல முயன்றவன் இவன்தான் என்று அவள் முடிவுகட்டினாள். பிறகு தன் பாரபட்சத்தை உணர்ந்து மன்னிப்புக் கேட்டாள். அந்த மன்னிப்பிலிருந்துதான் நட்பும், பிப்ரவரி 20-ல் காதலும் வந்தன. அவன் தன்னை அரண்மனைக் காவலன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மார்ச் 20-ல் அவன் அப்பாவும் அம்மாவும் கப்பலோடு வந்து இறங்கியபோதுதான் தெரிகிறது, அவன் டாக்ஸமின் இளவரசன் என்று. அடிமைகளை வைத்திருந்த ஒரு அரசகுடும்பத்தின் வாரிசு. ஆக, அவள் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்ட விஷயத்திலேயே அவன் அவளை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

தமிழில் ஊடல் என்று ஒரு சொல் உண்டு. காதலர்கள் நடுவில் வரும் சின்னக் கோபம். அதை முத்தம் தீர்க்கும், பாட்டு தீர்க்கும், பூ தீர்க்கும். தீர்வதற்காகவே வருகிற கோபம் அது. பல மாதம் ஓடிய ஒரு பொய் ஊடல் கணக்கில் வராது. காரா கோபித்துக்கொள்ளவில்லை, நம்பிக்கை இழந்தாள். நீங்கள் அவளுடைய நம்பிக்கை இழப்பை ஊடலாகப் பாவித்து, ஊடலுக்குரிய மருந்தைக் கொடுத்தீர்கள்.

மியூசிக் மைஸ்டர் கடைசியில் சொல்லும் பாடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காதல் என்பது பிறரைக் காப்பாற்றுவது மட்டுமல்ல, தன்னைக் காப்பாற்றப் பிறரை விடுவதும்தான் என்கிறான். பேரிக்கு இது பாதி பொருந்துகிறது. எல்லாவற்றையும் தனியே சுமக்கிறவன், ஐரிஸைக் கிட்டே விடாமல் வீட்டை விட்டுப் போனவன். அவனுக்கு இது உறைக்கவேண்டிய பாடம். காராவுக்கு இதில் என்ன இருக்கிறது? அவள் யாரையும் கிட்டே விடாமல் தள்ளவில்லை. கிட்டே விட்டாள், அவன் பொய் சொன்னான். பாடம் படிக்கவேண்டியவன் மோன்-எல். ஆனால் சுடப்பட்டுத் தரையில் கிடப்பவள் காரா, காப்பாற்றும் வீரன் மோன்-எல். இரண்டு நோய்க்கு ஒரே கஷாயம் காய்ச்சினால் இப்படித்தான் ஆகும். ஏமாற்றப்பட்டவள் விழித்துக்கொண்டு நன்றி சொல்லும் நிலையில் இருக்கிறாள். ஏமாற்றியவன் உயிர் கொடுத்தவனாக நிற்கிறான். இப்படி நிறுத்திவைத்த பிறகு அவள் மன்னிக்காமல் வேறென்ன செய்வாள்?

இந்த மன்னிப்பு வேறொரு தொடரில் நடந்தது என்பதை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் இது நடைமுறைக் கேடு. 'சூப்பர்கேர்ள்' மட்டும் பார்க்கிறவர்கள் திங்களன்று அவர்கள் பிரிந்ததைப் பார்த்தார்கள். அடுத்த திங்கள் அவர்கள் சேர்ந்திருந்தால் என்ன நடந்தது என்று யாரைக் கேட்பார்கள்? நவம்பர் கடைசியில் தொடங்கி நான்கு இரவு, பல தொடர்கள் சேர்ந்து நடத்திய பெரிய க்ராஸ்ஓவரில் வேற்றுக்கிரகப் படையெடுப்பு மொத்தமும் எங்கே வந்தாலும் பரவாயில்லை. படையெடுப்பு எல்லாத் தொடருக்கும் பொது. ஒரு நாயகி தன்னை ஏமாற்றியவனை மன்னிப்பது அவளுடைய தொடரின் சொத்து. அதை அடுத்த வீட்டுத் திண்ணையில் வைத்து முடிக்கக் கூடாது.

காதலே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதீர்கள். சூப்பர்ஹீரோ தொடரில் காதல் எதற்கு, சண்டையைக் காட்டு என்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது தப்பு. உங்களிடமே அதற்குச் சான்று இருக்கிறது. 2015 மார்ச் 17-ல் வந்த முதல் சீசன் எபிசோடை எடுத்துப் பாருங்கள். நகரத்தை நோக்கி ஆழிப்பேரலை வருகிறது. ஐரிஸ் தன் மனதைச் சொல்கிறாள், முத்தமிடுகிறார்கள், அடுத்த நொடி பேரி தான் யார் என்பதை அவள் கண்ணெதிரே காட்டுகிறான். பிறகு ஓடுகிறான். ஓடிய வேகத்தில் ஒரு நாள் பின்னால் போய்விடுகிறான். அந்த முத்தமும் அந்த உண்மையும் நடக்காததாகிவிடுகின்றன. அங்கே காதலும் சக்தியும் கதையும் ஒரே முடிச்சு. எதைப் பிரித்தாலும் மற்றது அவிழும். அவனுக்கு அது நினைவிருக்கும், அவளுக்கு இருக்காது. விலை கொடுத்த காதல் அது. அதனால் இரண்டு வருடம் கழித்தும் பேசுகிறோம்.

இன்னொன்று, இதே சீசனில், இதே 'சூப்பர்கேர்ள்' தொடரில். காராவின் அக்கா ஆலெக்ஸ் டேன்வர்ஸ் தனக்குப் பெண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று உணர்ந்துகொண்டது, காவல் அதிகாரி மேகியிடம் சொன்னது, தங்கையிடம் சொன்னது, மேகி முதலில் மறுத்தது, ஆலெக்ஸ் அந்த வலியோடு வேலைக்குப் போனது, நவம்பர் 28-ல் மேகியே கதவைத் தட்டி வந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள். பாட்டு இல்லை, மந்திர முத்தம் இல்லை. பெனாய்ஸ்டும் கைலர் லீயும் சோபாவில் உட்கார்ந்து பேசியதுதான் அந்த வரிசையின் உச்சம். ஒரே எழுத்தறை அக்காவுக்குக் கொடுத்த பொறுமையைத் தங்கைக்குக் கொடுக்கவில்லை.

திட்டமிடத் தெரியாதவர்கள் என்றும் உங்களைச் சொல்ல முடியாது. ஜனவரி 24-ல் வந்த பத்தாவது எபிசோடில், எதிர்காலத் தொலைக்காட்சிச் செய்தியில், மியூசிக் மைஸ்டர் புத்தக ஒப்பந்தம் போட்டதாக ஒரு வரி ஓடியது. சரியாக எட்டு வாரம் கழித்து அந்தப் பெயருக்கு ஆள் வந்தான். ஒரு வில்லனின் பெயரை எட்டு வாரம் முன்னால் விதைக்கத் தெரிந்தவர்கள், ஒரு மன்னிப்பை ஒரு வாரம் முன்னால் விதைத்திருக்கலாம். பதினாறாவது எபிசோடில் பேரி தன் தப்பைப் பற்றி யாரிடமாவது உளறியிருந்தால் போதும். இந்தப் பாட்டு அப்படியே இருந்திருக்கலாம், ஒரு சுரத்தைக்கூட மாற்றாமல், அதன் எடை மட்டும் பத்து மடங்கு கூடியிருக்கும்.

வில்லனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேரன் கிரிஸ் கண்ணைச் சிமிட்டியே பாதியைத் தூக்கி நிறுத்திவிட்டார். ஆனால் இரண்டு பேரை மயக்கத்தில் தள்ளி, அவர்கள் சக்தியைத் திருடி வங்கியைக் கொள்ளையடிக்கப் போனவன், கடைசியில் 'உங்கள் நன்மைக்காகத்தான்' என்று சொல்லிவிட்டு மறைகிறான், யாரும் அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. பிடிக்காததற்குக் காரணம் எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதுதான். நாங்களும் அந்த நிமிடம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம். டிவியை அணைத்த பிறகுதான் நினைவு வந்தது: இன்னொரு வேக வீரர் ஜே கேரிக், வாலிக்குப் பதிலாக ஸ்பீட் ஃபோர்ஸ் சிறையில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

இனி நாங்கள் கேட்பவை. 'தி ஃப்ளாஷ்' தொடரில் இந்த சீசனுக்கு இன்னும் ஆறு எபிசோட் இருக்கின்றன, 'சூப்பர்கேர்ள்' தொடரிலும் ஆறு. நேரம் இருக்கிறது.

மே 23-க்கு முன் ஒரு காட்சியில், பின்னணி இசை இல்லாமல், ஐரிஸ் அந்த மோதிரக் கேள்வியை மறுபடி கேட்கட்டும், பேரி வாயால் பதில் சொல்லட்டும். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை. கூடவே, அவளைக் காப்பாற்றும் திட்டத்தைப் போடும் மேஜையில் அவளையும் உட்கார வையுங்கள். அவள் பத்திரிகையாளர். சாவிதார் யார் என்ற கேள்வியைத் துப்பறிய உங்கள் தொடரிலேயே தகுதியான ஆள் அவள்தான். சாகப்போகிறவளாக மட்டும் அவளை வைத்திருக்க வேண்டாம்.

காராவும் மோன்-எல்லும் 'சூப்பர்கேர்ள்' தொடருக்குள்ளேயே பேச வேண்டும். அவன் இளவரசனாக இருந்தபோது அந்த அடிமைகளைப் பற்றி என்ன தெரிந்திருந்தது, என்ன செய்தான், என்ன செய்யாமல் இருந்தான் என்று அவன் சொல்ல வேண்டும். அவன் பெற்றோர் இன்னும் மேலே கப்பலில்தான் இருக்கிறார்கள். அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பேசிய பிறகும் காரா மன்னிக்கிறாள் என்றால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். மன்னிக்கவில்லை என்றாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

ஒரு தொடரின் மைய உறவு உடைவதும் ஒட்டுவதும் அந்தத் தொடரின் நேரத்திலேயே நடக்கட்டும் என்பதை எழுத்தறைச் சுவரில் எழுதி வையுங்கள். தவிர்க்க முடியாமல் வெளியே நடந்துவிட்டால், அடுத்த எபிசோடின் முதல் காட்சியிலேயே அதை இரண்டு பேரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லட்டும். 'முந்தைய எபிசோடில்' என்று ஓடும் அரை நிமிடத் தொகுப்பு போதாது.

ஜே கேரிக்கை இந்த சீசன் முடிவதற்குள் வெளியே கொண்டுவாருங்கள்.

இன்னொரு இசை எபிசோட் கட்டாயம் எடுங்கள். 'சூப்பர்கேர்ள்' நடிகர் ஜெரமி ஜோர்டனுக்குத் தனிப்பாட்டு கொடுங்கள். அவரைப் பியானோ பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டது தனிக் குற்றம். அந்த எபிசோடில் சண்டையை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, சண்டை போட்டுக்கொண்ட இருவர் பேசும் காட்சியை மட்டும் முதல் பாட்டுக்கு முன்னால் வையுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு தொடரையும் விடாமல் பார்க்கும் தமிழ்ப் பார்வையாளர்கள்